யூரின் டெஸ்ட்டில் ‘பி.சி.ஆர்.’ என்றால் என்ன? 0.2, 0.5, 3.5... எந்த அளவு கிட்னிக்கு ஆபத்து?

சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைகளில் ஒன்று ‘புரோட்டீன் - கிரியாட்டினின் ரேஷியோ’. சுருக்கமாக பி.சி.ஆர். கொரோனா சமயத்தில் எடுத்த பி.சி.ஆர். வேறு, இது வேறு.

ரிப்போர்ட்டில் ‘கிரியாட்டினின் 90’ என்று இருந்தால் பலரும் பதறிவிடுகிறார்கள். ரத்தத்தில்தான் கிரியாட்டினின் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சிறுநீரில் 90, 100 என்று வருவது சகஜம். பார்க்க வேண்டியது ‘ரேஷியோ’ என்று போட்டிருக்கும் எண்ணைத்தான்.

எதற்காக இந்த டெஸ்ட்?

நல்ல சிறுநீரகம் கழிவை வெளியேற்றும். புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்திக்கொள்ளும். அதன் வடிகட்டிகள் பழுதானால் புரதம் சிறுநீரில் கசியும். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் செயல்பாடு பாதி வரைகூட குறைந்திருக்கலாம். புரதக் கசிவு பெரும்பாலும் அதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்போது வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. அதனால்தான் இந்த டெஸ்ட் முக்கியம்.

ஏன் விகிதம் பார்க்கிறார்கள்?

ஒருவரின் சிறுநீரில் புரதம் 45, கிரியாட்டினின் 90 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) என்று வைத்துக்கொள்வோம். 45-ஐ 90-ஆல் வகுத்தால் 0.5. அவரே நிறைய தண்ணீர் குடித்திருந்தால் புரதம் 15, கிரியாட்டினின் 30 என இரண்டும் குறையும். வகுத்தால் அப்போதும் 0.5தான்.

தசைகளில் உருவாகும் கிரியாட்டினின் நாளொன்றுக்கு சுமார் 1 கிராம் சிறுநீரில் வெளியேறும். எனவே 0.5 என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய அரை கிராம் புரதம் போகிறது என்று அர்த்தம். 24 மணி நேர சிறுநீரை கேனில் சேர்த்து வைக்கும் சிரமம் இதனால் மிச்சம்.

எண்கள் சொல்வது என்ன?

* 0.2-க்குக் கீழ்: பொதுவாக நார்மல்.
* 0.2 முதல் 0.5: லேசான கசிவு. மறுபடி டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.
* 0.5-க்கு மேல்: டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.
* 3.5-க்கு மேல்: கடுமையான கசிவு. முகம், கால் வீங்கலாம்.

சில லேப்களில் 0.5 என்பதை 500 மி.கி./கிராம் என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

20 வாரத்துக்குப் பிறகு பி.பி. புதிதாக ஏறி, ரேஷியோவும் 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’ எனும் பிரச்னையாக இருக்கலாம். தாய், சேய் இருவருக்கும் ஆபத்து என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டெஸ்ட்டுக்கு முன்...

காலையில் முதலில் போகும் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடுமையான உடற்பயிற்சி இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். ரொம்ப மெலிந்தவர்கள், முதியவர்களுக்குத் தசை குறைவு என்பதால் ரேஷியோ சற்று அதிகமாக வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ‘அல்புமின் - கிரியாட்டினின்’ டெஸ்ட் எழுதுவார்கள். அது இன்னும் நுட்பமான கசிவைக் காட்டும்.

அதிகமாக இருந்தால்?

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கசிவு 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். சர்க்கரையையும் பி.பி.யையும் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்து, டாக்டர் தரும் மாத்திரையைச் சரியாக எடுத்தால் பலருக்கும் கசிவு குறையும். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை மட்டும் உடனே விட்டுவிட வேண்டும்.