டிக்கன்ஸின் கித்தான் வீடு

மூன்றாம் ரிச்சர்டாக நடிக்க இரண்டு பவுண்டு. இறுதிப் போரில் அவனை வீழ்த்தும் ரிச்மண்டு பிரபுவாக வர ஒரு பவுண்டு. பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் பதினைந்து ஷில்லிங். லண்டன் மேயர் வேடமே போதும் என்பவர்க்கு இரண்டரை ஷில்லிங்கில் காரியம் முடிந்துவிடும். இவை நடிகனுக்குக் கொடுக்கப்பட்ட கூலி அல்ல. நடிகன் கட்டவேண்டிய தொகை. 1830களில் லண்டனின் இருண்ட சந்துகளில் இருந்த தனியார் கொட்டகைகளில், மேடையேறும் ஆசை பிடித்த வக்கீல் குமாஸ்தாக்களும் கடைப் பையன்களும் இப்படித்தான் வேடங்களை விலைக்கு வாங்கினார்கள். முதலாளியின் கல்லாப்பெட்டியையும் தன் சட்டைப்பையையும் வேறுபடுத்தி அறியாத பையன்களும் அவர்களில் உண்டு என்று, இந்த விலைப்பட்டியலை 1835இல் பத்திரிகையில் எழுதியவர் கேலி செய்கிறார். அவருக்கு அப்போது வயது 23. பெயர் சார்லஸ் டிக்கன்ஸ்.

கேலி செய்தவர் அந்தக் கூட்டத்தை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். 1827இல், 15 வயதில், அவரும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தாம். லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை அன்று ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு பெரிய அரங்குகளின் கையில் இருந்தது. 1737ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் ஏகபோகத்துக்கு அரணாக நின்றது. அந்நிலை 1843 வரை நீடித்தது. மற்ற அரங்குகள் பாட்டையும் வாத்தியத்தையும் இடையிடையே செருகி, இது நாடகமே அல்ல என்று பாவனை செய்து பிழைத்தன. இரவு ஒன்பது மணியளவில் நுழைந்தால் பாதிக் கட்டணம். முதற்பாதிக் கதையைத் தாமே ஊகித்துக்கொள்ளும் திறன் இருந்தால் குமாஸ்தாவின் சம்பளத்திலும் நாடக ரசிகராக வாழ முடிந்தது. குறைந்தது மூன்றாண்டுகள், ஏறக்குறைய ஒவ்வோர் இரவும், தாம் ஏதேனும் ஓர் அரங்கில் இருந்ததாகப் பின்னாளில் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் டிக்கன்ஸ் சொல்கிறார். நாடக நோட்டீஸ்களை முதலில் ஆராய்ந்து, நல்ல நடிப்பு எங்கே கிடைக்கும் என்று தேர்ந்துதான் போவாராம். ஒரே ஆளாகப் பல பாத்திரங்களாக மாறிக்காட்டும் சார்லஸ் மாத்யூஸ் எங்கே நடித்தாலும் அங்கே போவது கட்டாயம்.

பார்த்ததோடு நிற்கவில்லை. வீட்டில் நாளொன்றுக்கு நான்கு, ஐந்து, சில நாள் ஆறு மணி நேரம் பயிற்சி. கதவைத் திறந்து உள்ளே வருவது எப்படி, வெளியேறுவது எப்படி, நாற்காலியில் உட்காருவது எப்படி என்பதையெல்லாம் தனியாகச் செய்து பார்த்தார். 1832இல் கோவென்ட் கார்டன் அரங்குக்கு விண்ணப்பித்தார். நடித்துக்காட்ட நாள் குறித்துப் பதிலும் வந்தது. அந்த நாளில் கடுமையான ஜலதோஷம், முகமெல்லாம் வீக்கம். அடுத்த பருவத்தில் வருவதாக எழுதிவிட்டார். அடுத்த பருவத்துக்குள் பாராளுமன்றச் செய்தியாளர் வேலை நிலைத்துவிட்டது.

ஒரு ஜலதோஷம் ஆங்கில நாவலைக் காப்பாற்றியது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சற்று மலிவான வாசகமாகப் படுகிறது. ஜலதோஷத்தால் அவர் மேடையை இழக்கவில்லை, மேடையிலிருந்து வரும் சம்பளத்தைத்தான் இழந்தார். சாகும்வரை அமெச்சூர் மேடையை அவர் விடவில்லை. அதற்கான விலையைக் கொடுத்ததில் அவருடைய வீட்டாருக்கும் பங்கு உண்டு.

சிறு வயதில் ராச்செஸ்டர் ஊர் அரங்கில் பார்த்த 'மாக்பெத்'தை நாற்பது வருடம் கழித்து அவர் நினைவுகூரும் இடம் ஒன்றுண்டு. சூனியக்காரிகள் மூவருக்கும் ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் முகச்சாயல் இருந்ததாம். கொலையுண்ட டங்கன் மன்னனோ கல்லறையில் நிம்மதியாக இருக்க மாட்டாமல் அடிக்கடி எழுந்துவந்து தன்னை வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டானாம். சிறு குழுக்களில் ஒரே நடிகர் நாலைந்து வேடம் கட்டுவதைச் சிறுவனின் கண் அப்போதே பிடித்துவிட்டது. மாயை கலைந்தும் மயக்கம் தீரவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அந்த வயதிலேயே 'இந்தியாவின் சுல்தான் மிஸ்னார்' என்று ஒரு சோக நாடகமும் எழுதினார். அவருடைய இந்தியா, கதைப்புத்தக இந்தியா.

1842இல் அமெரிக்கப் பயணத்தின் முடிவில், மாண்ட்ரியல் நகரில் ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து நாடகம் போட்டார். அந்த மேடையில் அவர் மனைவி கேதரினும் நடித்தார். மிக நன்றாகவே நடித்ததாக ஃபார்ஸ்டருக்குப் பெருமையோடு எழுதினார் கணவர். கேதரினை இங்கே நினைவில் இருத்திக்கொள்வது நல்லது.

முறையான அமெச்சூர் குழு அமைந்தது 1845இல். அந்த ஆண்டு செப்டம்பரில், ஓய்வுபெற்ற நடிகை ஃபிரான்சஸ் கெல்லி சோஹோ பகுதியில் கட்டியிருந்த சிறிய அரங்கில், பென் ஜான்சனின் பழைய இன்பியல் நாடகம் ஒன்று மேடையேறியது. வீறாப்புப் பேசும் கோழைப் படைத்தலைவன் பாபடிலாக டிக்கன்ஸ். உடன் நடித்தவர்கள் ஃபார்ஸ்டர், 'பஞ்ச்' இதழாசிரியர் மார்க் லெமன், எழுத்தாளர் டக்ளஸ் ஜெரால்ட், கேலிச்சித்திரக்காரர் ஜான் லீச். அதன் பிறகு மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்ஹாம், எடின்பரோ, கிளாஸ்கோ என்று ஊர் ஊராகப் போனார்கள். வசூல் முழுவதும் நலிந்த எழுத்தாளர்களுக்கும் அத்தகைய காரியங்களுக்கும். லீ ஹன்டுக்காக 1847இல் நடித்ததும், ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டின் காப்பாளர் பதவிக்கு நிதி சேர்க்க 1848இல் நடித்ததும் அப்படித்தான்.

ஃபார்ஸ்டர் விவரிப்பதைப் பார்த்தால், அமெச்சூர் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் 'பொழுதுபோக்கு' என்ற பொருள் அவரிடம் செல்லாது. இயக்குநர் அவர்தாம். தச்சர்களுக்கு உதவி செய்தவரும், மேடைச் சாமான் சேகரித்தவரும், உடை யோசித்தவரும், நோட்டீஸ் எழுதியவரும், பக்கத்திலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்தவரும், வாத்தியக்காரர்களை மேய்த்தவரும் அவர்தாம். ஒத்திகைக்குத் தாமதமாக வருவோரை அவர் பொறுப்பதில்லை. நாளெல்லாம் நாவலின் மாதத் தவணையோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் இந்த வேலை. கச்சேரி முடிந்து கோட்டைக் கழற்றிவிட்டு ஒத்திகைக்கு ஓடிய வக்கீல்கள் நம் சென்னையிலும் பிற்பாடு இருந்தார்கள். 1891இல் பம்மல் சம்பந்தனாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபையின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த உற்சாகம் அந்நியமாகப் படாது. கூலிக்கு ஆடுகிறவன் கூத்தாடி, கூலி வாங்காதவன் கனவான் என்ற கோடு இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான்.

1848 ஜூலையில் கிளாஸ்கோவில் சுற்றுப்பயணம் முடிந்தது. கடைசியாகப் போட்ட துண்டு நாடகத்தில் டிக்கன்ஸுக்கு, வாழ்க்கை சலித்துப்போய் ஒரு பண்ணை வீட்டில் உழவனாக ஒளிந்திருக்கும் பணக்காரன் வேடம். லண்டன் திரும்பியதும் உடன் நடித்த மேரி கௌடன் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். குடும்ப அடுப்படியே வெறுக்கிறது, நாடோடியாகத் திரிய மனம் ஏங்குகிறது, கித்தானில் எழுதிய அந்தப் பண்ணை வீட்டில் சந்தோஷமாக இருந்தவனுக்கு இந்த மெய்யான வீடு தாங்கவில்லை என்பது அதன் சாரம். வேடிக்கையாக எழுதப்பட்ட கடிதம்தான், சந்தேகமில்லை. அப்போது அந்த மெய்யான வீட்டில் ஏழு குழந்தைகள் இருந்தார்கள்.

1850 இறுதியில், லிட்டன் பிரபுவின் நெப்வொர்த் மாளிகையில் நாடகம் என்று ஏற்பாடாயிற்று. கேதரினுக்கும் ஒரு சிறு வேடம். ஒத்திகையில் மேடைப் பலகைத் திறப்பில் தவறி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். அவர் வேடம் லெமனின் மனைவிக்குப் போயிற்று. டிக்கன்ஸ் வரலாறுகளில் இது கேதரினின் தடுமாற்ற சுபாவத்துக்குச் சான்றாக ஒரு வரியில் கடந்துபோகும். 1850 ஆகஸ்டில் அவர் ஒன்பதாவது குழந்தையைப் பெற்றிருந்தார் என்பதையும் அதே வரியில் சேர்த்திருக்கலாம்.

அந்தக் குழந்தை டோரா. 1851 ஏப்ரல் 14 அன்று நடந்ததை ஃபார்ஸ்டர் எழுதிவைத்திருக்கிறார். கேதரின் உடல்நலம் குன்றி மால்வர்ன் என்ற ஊரில் நீர்ச்சிகிச்சையில் இருந்தார். நலிந்த நடிகர்களுக்கான ஓய்வூதிய நிதியின் ஆண்டு விருந்துக்குத் தலைமை தாங்க டிக்கன்ஸ் லண்டன் வந்தார். புறப்படுமுன் எட்டு மாதக் குழந்தையோடு வீட்டில் விளையாடிவிட்டுத்தான் போனார். அவர் பேச எழுவதற்கு அரைமணி முன்பாக, வீட்டு வேலையாள் வந்து ஃபார்ஸ்டரை வெளியே அழைத்தான். குழந்தை திடீரென்று இறந்துவிட்டது. பேச்சு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஃபார்ஸ்டர் முடிவு செய்து தம் இடத்துக்குத் திரும்பினார். டிக்கன்ஸ் எழுந்து நடிகர்களைப் பற்றிப் பேசினார். நோயும் துயரமும் ஏன், மரணமே கிடக்கும் வீட்டிலிருந்து எழுந்துவந்து நமக்காக வேடம் கட்டவேண்டியவன் நடிகன் என்றார். நாம் எல்லோருமே அவரவர் இடத்தில் நெஞ்சை மறைத்துக்கொண்டு கடமையைச் செய்ய வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஃபார்ஸ்டரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். பேச்சு முடிந்தபிறகு அவரும் லெமனும் செய்தியைச் சொன்னார்கள்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மே 16 அன்று, டெவன்ஷயர் பிரபுவின் மாளிகையில் விக்டோரியா மகாராணி முன்னிலையில் டிக்கன்ஸ் குழு நடித்தது. ஏற்கெனவே குறித்திருந்த நாள் குழந்தையின் மரணத்தால் தள்ளிப்போயிருந்தது. அவருடைய வேலைக்காரனாக அன்று மேடையில் வந்த இளைஞர் வில்கி காலின்ஸ்.

'உறைந்த கடல்' என்று பெயர் சொல்லத்தக்க நாடகத்தை 1856இல் எழுதியவர் இதே காலின்ஸ்தாம். துருவப் பனியில் சிக்கிய இருவர், ஒருத்தியைக் காதலித்தவர்கள். தோற்ற காதலனான வார்டூர், வென்றவனைக் கொல்லாமல், சுமந்துவந்து கரை சேர்த்துவிட்டு அவள் மடியில் சாகிறான். வார்டூர் வேடம் டிக்கன்ஸுக்கு. ஒரே நாளில் இருபது மைல் நடந்து, ஃபின்ச்லி, வில்ஸ்டன் பக்கத்து மக்கள் மிரளும்படி உரக்கச் சொல்லி வசனம் மனப்பாடம் செய்ததாக எழுதுகிறார். டாவிஸ்டாக் ஹவுஸ் என்ற அவர் வீட்டில் குழந்தைகளின் பாட அறையே அரங்கமாயிற்று. வாரக்கணக்கில் தச்சர்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1857 ஜனவரி 6, மூத்த மகனின் இருபதாவது பிறந்த நாளன்று முதல் காட்சி. ஓர் இரவுக்குத் தொண்ணூறு பேர் போல அமர்ந்து பார்த்தார்கள்.

அந்த ஜூன் மாதம் ஜெரால்ட் இறந்தார். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட நாடகத்தை மீண்டும் எடுத்தார்கள். ஜூலை 4 அன்று மகாராணிக்குத் தனிக்காட்சி. முடிந்ததும் டிக்கன்ஸை அழைத்து நன்றி சொல்ல ராணி ஆள் அனுப்பினார். அடுத்து வந்த கேலி நாடகத்தின் உடையில் நின்ற டிக்கன்ஸ், எனக்குரியதல்லாத உடையில் அரசி முன் நிற்க இயலாது என்று மறுத்துவிட்டார். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் மறுப்பு. நடிகன் வேடத்தோடு போய்ப் பரிசு வாங்கலாம், கனவான் போகக்கூடாது. அந்தக் கோட்டின் மேல் அவருக்கு அத்தனை கவனம். (அதே மாதம் 16 வயது மகன் வால்டர் ராணுவப் பணிக்காக இந்தியாவுக்குக் கப்பலேறினான். 1863 கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தான்.)

ஆகஸ்டில் மான்செஸ்டரிலிருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள மண்டபம் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. வீட்டு அரங்கில் நடித்த மகள்களின் குரல் அங்கே எட்டாது. தொழில்முறை நடிகைகளை அமர்த்தினார்கள்: திருமதி டெர்னன், மகள்கள் மரியா, எலன். சாகும் வார்டூரின் மேல் குனிந்த மரியா மேடையிலேயே மெய்யாக அழுதுவிட்டாள்; அவள் கண்ணீர் தம் முகத்தில் சொட்டியதையும், செத்துக்கொண்டே அவளை மெல்லத் தேற்றியதையும் டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். 'இரு நகரங்களின் கதை'யின் கரு அந்த மேடையில்தான் தோன்றிற்று என்று 1859இல் அந்நூலின் முன்னுரையில் சொன்னார். தங்கை எலனுக்கு வயது 18. டிக்கன்ஸுக்கு 45.

1857 அக்டோபரில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவருக்கு ஒரு கடிதம் போனது. தம் உடைமாற்றும் அறைக்கும் கேதரினின் அறைக்கும் இடையிலுள்ள கதவிடத்தை அலமாரிப் பலகைகளால் அடைத்து, வெள்ளைச் சாயம் பூசிய எளிய மரக்கதவு ஒன்றைப் போடச் சொல்லும் கடிதம். மரத்தின் வகையும் பூச்சும் மேடைத் தச்சனுக்குச் சொல்வது போலத் துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. 1858 மே மாதத்தில் கேதரின் அந்த வீட்டைவிட்டு வெளியேறினார்.

அதே வசந்தத்தில், ஏப்ரல் 29 அன்று, டிக்கன்ஸ் முதன்முறையாகத் தமக்கென்று பணம் வாங்கிக்கொண்டு தம் கதைகளை மேடையில் வாசித்தார். ஒரு கனவானுக்கும் எழுத்தாளனுக்கும் அது தகாது என்று ஃபார்ஸ்டர் வாதாடித் தோற்றார். இங்கே எனக்கு டிக்கன்ஸின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நற்காரியம் என்ற சாக்கு இனித் தேவைப்படவில்லை. ஆனால் சாக்கோடு சேர்ந்து தோழர்களும் போனார்கள். மேடையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரே ஆள், பல குரல்: இளமையில் தேடித்தேடிப் பார்த்த மாத்யூஸ் போல. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி கொலையுண்ணும் பகுதியை வாசிக்கும் இரவுகளில் மருத்துவர் பக்கத்தில் நின்று நாடி பார்த்தார். 1869 ஏப்ரலில் மருத்துவர்கள் பயணத்தை நிறுத்தினார்கள். 1870 மார்ச் 15 அன்று கடைசி வாசிப்பு.

ஜூன் 2 அன்று கென்சிங்டனில் நண்பர் ஒருவரின் வீட்டில் அமெச்சூர் நாடகம். டிக்கன்ஸின் மகள்கள் அதில் நடித்தார்கள். டிக்கன்ஸ் கால்வலியோடு வந்து மேடை நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். யார் எங்கே நிற்பது, மணி எப்போது அடிப்பது எல்லாம் அவர் கையில். நாடகம் முடிந்தபின் அவரைக் காணவில்லை. மருமகன் சார்லஸ் காலின்ஸ் தேடிப்போய், திரைக்குப் பின்னால் ஒரு மூலையில் தன்னை மறந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டார். வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் டிக்கன்ஸ். ஒரு வாரத்தில், ஜூன் 9 அன்று, இறந்தார்.