மின்னஞ்சல் வழங்கிகளுக்கிடையே பல்வழி இணைப்பு

இரண்டு மின்னஞ்சல் வழங்கிகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புப் பாதைகளை அமைத்து, எதை முதலில் நாடுவது, அது கைகொடுக்காவிட்டால் எதற்கு மாறுவது என வகுத்துவைக்கும் முறை. இலங்கையில் இதன் வரலாறு பல்கலைக்கழகங்களிலிருந்து தொடங்குகிறது.

தொலைபேசிக் காலம்

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடக்கிய, இலங்கையின் கல்வி, ஆய்வு வலையமைப்பான லேர்ன் திட்டம், 1990 அளவில் லேர்ன்மெயில் என்ற அஞ்சல் சேவையை நடத்தியது. நிரந்தர இணைப்பு அப்போது இல்லை. மோடெம் வழியாக ஒரு கணினி மற்றொன்றை அழைத்து, தேங்கிய மடல்களை மொத்தமாகக் கைமாற்றிக்கொள்ளும். வெளிநாட்டு மடல்கள் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகம் ஊடாகச் சென்றன.

இத்தகைய அழைப்புக்கு உலகெங்கும் பயன்பட்டது, 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய, கணினிகளுக்கிடையே கோப்புகளைக் கைமாற்றும் மென்பொருளான யூயூசிபி. பல்வழி இணைப்பின் எளிய வடிவம் அதன் அமைப்புக் கோப்பிலேயே உண்டு. எதிர்முனைக் கணினியின் பெயர், அழைக்கத்தக்க நேரம், வேகம், தொலைபேசி எண், நுழைவு விவரம் ஆகியவை ஒரே வரியில் அமையும். அதே பெயரில் வேறு எண்ணுடன் இன்னொரு வரி சேர்த்தால், முதல் எண் கிடைக்காதபோது அடுத்தது முயலப்படும். கட்டணம் குறைந்த இரவு வேளையில் மட்டும் அழைக்கும்படியும் வரையறுக்கலாம்.

இணையக் காலம்

1990களின் நடுப்பகுதியில் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகங்கள் இணைய நெறிமுறை வலையமைப்பால் இணைந்தன. பின்னர் பேராதனை உள்ளிட்ட ஏனைய பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன.

தொலைபேசி எண் இருந்த இடத்துக்கு, ஒரு களப்பெயருக்கான மடலை ஏற்கும் வழங்கி எதுவெனக் காட்டும் எம்எக்ஸ் பதிவு வந்தது. 1986இல் கிரெய்க் பார்ட்ரிஜ் எழுதிய ஆர்எப்சி 974 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதன் விதிகளை விளக்கியது. ஒரு களப்பெயருக்கு 10, 20 என்ற முன்னுரிமை எண்களுடன் இரண்டு வழங்கிகளைப் பதிந்தால், அனுப்பும் வழங்கி 10ஐ முதலில் நாடும். அது பதிலளிக்காவிட்டால் 20க்குச் செல்லும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் சுமை பகிரப்படும். எதுவும் கிடைக்காவிட்டால் மடல் வரிசையில் காத்திருக்கும். முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி விட்டு, 4, 5 நாட்களாவது முயன்ற பின்னரே மடலைத் திருப்ப வேண்டும் என்கிறது 2008இல் வெளியான ஆர்எப்சி 5321.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

மாற்று வழங்கியிலும் முதன்மை வழங்கிக்கு நிகரான எரித (வேண்டாத மடல்) வடிகட்டி வேண்டும். காவல் குறைந்த வாசலையே எரிதம் அனுப்புவோர் தேடி வருகின்றனர். இரு பாதைகளும் வெவ்வேறு தடங்களில் செல்வது அதைவிட முக்கியம். மலைநாட்டில் மண்சரிவு ஒரு வீதியை மூடும்போது, அவ்வீதியோரம் சேர்ந்து செல்லும் இரு கம்பிகளும் ஒன்றாக அறுந்துபோகக்கூடும். மென்பொருளில் எத்தனை வழிகளைப் பதிந்தாலும், நிலத்தில் தடம் ஒன்றேயானால் அது ஒருவழி இணைப்புத்தான்.