சாணை இயந்திரம் யாருக்குத் தேவை?

டிரில் பிட்டைச் சாணை பிடிக்க ஓர் இயந்திரம் வாங்கலாமா என்ற கேள்வி வந்தால், சிறு பட்டறைக்காரர்கள் விலையையும் இயந்திரத்தின் தரத்தையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்த இயந்திரம் எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரும்பில் துளையிடப் பெரும்பாலும் தட்டை முனை டிரில்தான் பயன்பட்டது. கொல்லர் எஃகுக் கம்பியின் நுனியைக் காய்ச்சித் தட்டையாக அடித்து, இரு ஓரங்களையும் சாய்வாகத் தேய்த்துக் கொடுப்பார். மழுங்கினால் பட்டறையில் யாரும் அதைக் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் தீட்டத் தீட்ட அதன் அகலம் குறையும், துளையும் சிறுத்துப்போகும். பிறகு மறுபடியும் உலைக்குத்தான் போக வேண்டும்.

முறுக்கு டிரில் இந்தக் குறையைத் தீர்த்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நிறுவனமும் தொடங்கியது. ஆனால் முறுக்கு டிரில் அவருக்கு முன்பே உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிராவிடன்ஸ் நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில், எஃகுக் கம்பியில் சுருள் பள்ளங்களை எலிவால் அரத்தால் கையாலேயே ராவி அதை உருவாக்கினார்கள். அந்த ராவும் வேலையை ஒழிக்கத்தான் ஜோசப் பிரவுன் 1862இல் யுனிவர்சல் மில்லிங் இயந்திரத்தை வடிவமைத்தார். இன்றும் இயந்திரப் பட்டறைகளின் முதுகெலும்பாக இருக்கும் ஒரு கருவி, டிரில் பிட்டுக்குப் பள்ளம் வெட்டப் பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

மில்லிங் இயந்திரம் பள்ளத்தை எளிதாக்கியது, முனையை அல்ல. முறுக்கு டிரிலை எவ்வளவு தேய்த்தாலும் விட்டம் ஏறக்குறைய மாறாது. அதன் பள்ளமுள்ள நீளத்தில் பெரும்பகுதி பயன்படுத்தக்கூடிய மூலதனம். அந்த மூலதனத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் முனையைச் சரியாகத் தீட்ட வேண்டும். பொது வேலைக்கு 118 டிகிரி கோணம், சமநீளமுள்ள இரண்டு வெட்டு விளிம்புகள், விளிம்புக்குப் பின்னே உலோகத்தில் உராயாதபடி வளைந்து இறங்கும் சரிவு என எல்லாம் ஒன்றுசேர வேண்டும். ஒரு விளிம்பு நீண்டால் துளை பெரிதாகும். கோணங்கள் வேறுபட்டால் ஒரு விளிம்பே வேலை முழுவதையும் சுமக்கும். பின்சரிவு இல்லாவிட்டால் பிட் வெட்டாது, தேய்த்துச் சூடேறும். ஆக, தட்டை முனையில் யாரும் செய்யக்கூடிய வேலை, முறுக்கு டிரிலில் கைதேர்ந்தவரின் வேலையாயிற்று. சாணை இயந்திரம் இந்த இடத்தில்தான் நுழைந்தது.

அதை ஏன் வாங்க வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் சொன்னவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். உலோகம் வெட்டுவது பற்றி அவர் 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வைத்த நீண்ட ஆய்வுரை, சுமார் 26 ஆண்டுச் சோதனைகளின் பலன். ஒவ்வொரு தொழிலாளியும் தன் விருப்பப்படி கருவியைத் தீட்டினால் எந்த வேகத்தில் வெட்டலாம் என்று கணக்கிட முடியாது. ஆகவே தீட்டும் வேலை கருவியறைக்குப் போக வேண்டும் என்றார். கைத்திறமையைத் தொழிலாளியிடமிருந்து நிர்வாகம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. தொழிற்சங்கங்கள் அவரை வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால் டெய்லரே ஒரு நிபந்தனையும் வைத்தார். கருவிகளுக்கு நிலையான வடிவம் வகுத்து, பெருமளவில் இருப்பு வைத்து, ஒரே மாதிரியானவற்றை மொத்தமாகத் தீட்டினால்தான் தானியங்கி இயந்திரத்தால் லாபம். இல்லையென்றால் பெரிய தொழிற்சாலையிலும் அதனால் பயனில்லை.

இந்த நிபந்தனை இன்றும் செல்லும். இயந்திரம் வேண்டும் என்பவர்கள், கையால் தீட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் இயந்திரத்திலும் பிட்டை எந்த நிலையில் பொருத்துவது, எவ்வளவு தேய்ப்பது என்று பழக வேண்டும்; முனையைப் பார்த்துக் குறை சொல்லத் தெரியாதவருக்கு அதுவும் தவறான முனையையே தரும். புது பிட் மலிவாகக் கிடைக்கும்போது தீட்டுவானேன் என்பது இதற்கு எதிர்த்திசை வாதம். சிறிய அளவுகளுக்கு அதை ஏற்கலாம். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட நல்ல எஃகு பிட்டைச் சற்று மழுங்கியதற்காக வீசுவது பணத்தை வீசுவதே. துல்லியம் வேண்டுமென்றால் இயந்திரம்தானே என்பதில் நியாயம் அதிகம். முனை நடுவில் பிளவு தீட்டிய 135 டிகிரி பிட்டைக் கையால் திரும்பத் திரும்ப ஒன்றுபோல் செய்வது கடினம்.

ஆகவே பட்டறை அலமாரியில் மழுங்கிய பிட்டுகள் குவிகின்றனவா, அவை பெரும்பாலும் சில குறிப்பிட்ட அளவுகளா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் இயந்திரம் வாங்கலாம். மாதத்துக்கு நாலைந்து பிட் மட்டுமே மழுங்கும் பட்டறைக்கு ஒரு சாணைச் சக்கரமும், கோணம் பார்க்கும் ஒரு கேஜும், பழைய பிட்டுகளில் சில வாரப் பழக்கமும் போதும்.