வீட்டிலேயே ரவை நிரப்புவது இலாபமா? ஒரு வெற்றுக் கோதின் கணக்கு

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் தங்கையின் கணவருக்கு வார இறுதியில் கைத்துப்பாக்கி சுடுவது பொழுதுபோக்கு. அதற்கான ரவைகளைக் கராஜில் வைத்துத் தானே நிரப்பிக்கொள்கிறார். சென்ற ஆண்டு நான் அங்கே போயிருந்தபோது மேசையில் ஒரு கைப்பிடி அச்சுப்பொறியும் சிறு தராசும் இருந்தன. கீழே ஒரு வாளி நிறைய வெற்றுக் கோதுகள்.

"கடையில வாங்கிறதை விட இது மலிவு, மச்சான்" என்றார்.

வன்னியில் வெற்றுக் கோதுகளுக்கு மேலால் நடந்து வந்தவன் நான். அந்த வாளியைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் பல வருடம் சங்கக்கடையில் கணக்கெழுதியவன் என்பதால், "மலிவு" என்ற சொல்லைச் சும்மா விட முடியவில்லை. அவருடைய பற்றுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.

ஒரு ரவையில் நான்கு பொருட்கள் உண்டு: கோது, அதன் அடியில் பதித்திருக்கும் பிறைமர் என்ற சிறு பற்றவைப்பு மூடி, உள்ளே மருந்து, முனையில் சன்னம். சுட்டதும் சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிறைமர் பயனற்றுவிடும். கோது மட்டும் மிஞ்சும். அது ஏறத்தாழ 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை. நான்கிலும் செய்வதற்குக் கூடிய செலவு பிடிப்பதும் பெரும்பாலும் அதுதான். கைத்துப்பாக்கிக் கோதைப் பல தடவை திருப்பிப் பயன்படுத்தலாம். வீட்டில் நிரப்புவதில் இலாபம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கோதிலிருந்துதான் வருகிறது.

அங்கே அதிகம் விற்பனையாவது 9 மில்லிமீற்றர் ரவை. மைத்துனரின் பற்றுச்சீட்டுகளின்படி ஒரு ரவைக்குச் சன்னம் 9 சதம், பிறைமர் 8 சதம், மருந்து 3 சதம். கோது சும்மா. ஆக மொத்தம் 20 அமெரிக்கச் சதம். அதே ரவை கடையில் பெட்டியாக வாங்கினால் 25 சதம். ஒன்றுக்கு மிச்சம் 5 சதம்.

அச்சுப்பொறி, தராசு, அச்சுகள் எல்லாவற்றுக்கும் அவர் போட்ட முதல் சுமார் 500 டொலர். 5 சதப்படி அந்த முதலை எடுக்க 10,000 ரவை நிரப்ப வேண்டும். மாதம் 200 ரவை சுடும் ஒருவருக்கு அதற்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆகும்.

இனி நேரம். ஒவ்வொன்றாக நிரப்பும் பொறியில் மணிக்கு 75 ரவை என்று வைத்தால் 10,000 ரவைக்கு 130 மணித்தியாலங்களுக்கு மேல் வேண்டும். முதலை எடுத்த பிறகும் அவருடைய ஒரு மணித்தியால உழைப்புக்குக் கிடைப்பது 3 டொலர் 75 சதம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7 டொலர் 25 சதம். மணிக்குப் பல நூறு நிரப்பும் பொறிகளும் உண்டு. ஆனால் அவற்றின் விலை இன்னும் கூட.

எல்லா ரவைக்கும் இதே விடை வராது. '.44 மக்னம்' போன்ற பெரிய ரவைகள் கடையில் 90 சதம் அளவில் போகின்றன. வீட்டில் நிரப்பினால் 40 சதம் அளவில் முடிகிறது. ஒன்றுக்கு 50 சதம் மிச்சம் என்றால் 1,000 ரவையிலேயே முதல் திரும்பிவிடும். ஆகவே விலை கூடிய, கடையில் அரிதாகக் கிடைக்கும் ரவையை நிறையச் சுடுபவருக்கு இலாபம் உண்டு. சாதாரண 9 மில்லிமீற்றருக்கு இல்லை என்றே சொல்லலாம்.

"தட்டுப்பாடு வந்தால்?" என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. 2020, 2021 கொரோனாக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் ரவை இல்லாமல் போய் விலை இரண்டு மூன்று மடங்கானது. ஆனால் அப்போது பிறைமருக்கும் அதே தட்டுப்பாடு வந்தது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்தான் தப்பினார். நிரப்பத் தெரிந்திருந்தும் பொருள் இல்லாதவர் மற்றவர்களோடு சேர்ந்து காத்திருந்தார்.

பற்றுச்சீட்டில் வராத செலவுகளும் உண்டு. கவனம் சிதறி ஒரு கோதில் இரண்டு தடவை மருந்து விழுந்தால் துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் சன்னம் குழாயில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். சாதாரண பிறைமரிலும் சன்னத்திலும் ஈயம் இருக்கிறது. பழைய கோது கழுவும்போதும் துடைக்கும்போதும் அந்தத் தூசி கையிலும் உடுப்பிலும் ஒட்டும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். மைத்துனரின் கராஜிலேதான் உடுப்புத் தோய்க்கும் மெசினும் இருந்தது. அதைச் சொன்னபோது தங்கையின் முகம் மாறியது. அடுத்த நாளே மேசை இடம் மாறியது.

அங்கே சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்ப மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்பதற்கு நிரப்பினால் தேவை. எங்கள் நாட்டில் நிலை வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் ரவையோ மருந்தோ வைத்திருப்பதே குற்றம்.

"அப்ப ஊரில கிடந்த கோதுகளையும் இப்பிடி நிரப்பலாமோ?" என்று மருமகன் கேட்டான். எங்கள் பக்கம் அதிகம் கிடந்தவை ரி-56 துப்பாக்கியின் கோதுகள். அவை பெரும்பாலும் பித்தளை அல்ல, செம்பு பூசிய இரும்பு. காந்தம் ஒட்டும். அடியில் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாகப் பக்கங்களில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். பழைய பிறைமரை இலகுவாகத் தட்டி எடுக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை, இந்த இரு துளை முறையைக் கண்டுபிடித்தவர் பேர்டன் என்ற அமெரிக்கர். அமெரிக்கர் இன்று வீட்டில் நிரப்பும் ஒற்றைத் துளை முறையோ பொக்ஸர் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியுடையது.

அவனுக்கு இன்னொன்றையும் சொன்னேன். ஊரில் நிலத்திலிருந்து எடுக்கும் எல்லாமே வெற்றுக் கோது அல்ல. சுடாத ரவையும் கிடக்கும், அதைவிடப் பெரியதும் கிடக்கும். பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் விற்கலாம் என்று எடுத்துத் தட்டியவர்களும் நெருப்பில் போட்டவர்களும் கையை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். போர் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அப்படி ஏதும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள். ஒரு கிலோ பித்தளையின் விலைக்கு ஒரு விரல்கூட ஈடில்லை.

நான் வெளிக்கிடும் நாளில் மைத்துனர் ஒரு கோதை மினுக்கித் திறப்புக்கோர்வையாகத் தந்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். கட்டுநாயக்காவில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நான் தயாரில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் அன்பளிப்பாகவும் அப்படி எதையும் கொண்டுவர வேண்டாம்.

கணக்குத் தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். "காசு மிஞ்சேல்லைத்தான், மச்சான். மலிவெண்டு நினைச்சு முந்தியை விடக் கூடச் சுடுறன்" என்றார்.