கௌதாரிக்குப் பயிரிட்ட கதை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே நோர்போக் என்றொரு கோட்டம் உண்டு. மழை குறைந்த, பெரும்பாலும் மணற்பாங்கான நிலம். 1730ஆம் ஆண்டிலே அரசியலைத் துறந்து தம் ஊருக்கு மீண்ட ரவுன்சென்ட் பிரபு, ரேணிப்புக் கிழங்கை வயலிலே பயிரிடுமாறு ஓயாது வற்புறுத்தினார். முதலாண்டு கோதுமை, அடுத்த ஆண்டு ரேணிப்பு, மூன்றாமாண்டு பார்லி, நான்காமாண்டு குளோவர் என்னும் தீவனப்பூண்டு. இவ்வாறு நிலத்தைத் தரிசு போடாமல் மாற்றி மாற்றிப் பயிரிடும் முறை அக்கோட்டத்தின் பெயராலேயே புகழ் பெற்றது. மண்ணை வளப்படுத்தவும் மாடாடுகளுக்குத் தீனி தேடவும் எழுந்த இம்முறையால், எவரும் எண்ணாத ஓர் உயிரும் வாழ்வு பெற்றது. அதுவே சாம்பல் நிறக் கௌதாரி. இலங்கையிலே புத்தளம் முதல் மன்னார், யாழ்ப்பாணம் வரையுள்ள வறண்ட நிலங்களிற் காணப்படும் கௌதாரியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கௌதாரி நிலத்திலே வாழும் பறவை. மரமேறி உறங்குவதில்லை. ஆதலால் அதன் உயிர் மறைவிடத்தைப் பொறுத்தது. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்ட 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிலே ஆயிரக்கணக்கான முள்வேலிகள் எழுந்தன. அவ்வேலிகளின் அடியிலே காய்ந்த புல்லினிடையே அது கூடு கட்டிற்று. ஒரு கூட்டிலே 15 முட்டைகள் வரை காணப்படுவது வழக்கம். அரிவாள் கொண்டு கதிரறுத்த காலத்திலே முழங்காலளவு தாள் நின்றது. அறுவடையின் பின்னும் பறவை அதற்குள் மறைந்து சிந்திய மணி பொறுக்கியது. அறுவடைப் பொறிகள் வந்து தாளை ஒட்ட வெட்டத் தொடங்கியபோது, அகன்ற இலை விரித்து நின்ற ரேணிப்பு வயலே அதற்கு அடைக்கலமாயிற்று. ஒவ்வோராண்டும் செப்டெம்பர் முதலாந் திகதி வேட்டைக் காலம் தொடங்கும். துவக்கேந்திய கனவான்கள் ரேணிப்பு வயல்களை நாடியே நடந்தனர்.

வேட்டைக்குரிய பறவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்நாட்டிலே கசப்பு மிகுந்தது. 1671ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுண் வருமானந் தரும் நிலமுடையவர் முதலான சிலருக்கே வேட்டையுரிமை அளித்தது. கமக்காரனின் கதிரைத் தின்று வளர்ந்த கௌதாரியை அக்கமக்காரனே பிடித்தால் குற்றம். 1831ஆம் ஆண்டிலே இவ்வுடைமைத் தகுதி நீக்கப்பட்டு, அனுமதிச் சீட்டுப் பெற்ற எவரும் வேட்டையாடலாம் என்றாயிற்று. எனினும் இரவிலே திருட்டு வேட்டையாடி மூன்றாம் முறை அகப்பட்டவனை நாடு கடத்தவும் 1828ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது. பசித்த ஏழைகள் பலருக்குக் கௌதாரியும் முயலும் கேடு சூழ்ந்த இரையாகவே இருந்தன.

செல்வர்கள் பின்னர் பறவைக்கென்றே பயிரிடவும் தலைப்பட்டனர். எதனை விதைப்பது என்பதிலே அநுபவம் அவர்களுக்குப் பல பாடங்களைக் கற்பித்தது. சோளம் உயர்ந்து நின்று காற்றைத் தடுக்கும். ஆனால் மண் சூடேறிய மே மாதத்திலேதான் அதனை விதைத்தல் வேண்டும். கேல் என்னும் இலைக்கோவா உறைபனியையுந் தாங்கி நிற்கும். அது முதலாண்டு இலை விட்டு மறைவு தரும். இரண்டாமாண்டு பூத்து விதை தரும். ஆயினும் ஒரே நிலத்திலே திரும்பத் திரும்ப இட்டால் வேர் வீங்கும் நோய் பற்றிக்கொள்ளும். முளைவிட்ட நாற்றைத் தத்துவண்டு அரித்துவிடும். கினோவாவும் பனிவரகும் ஓராண்டிலேயே விதை சொரிபவை. பனியிலே அவை மடிந்தாலும் சிறு பறவைகளுக்கு உணவாகும். ஆகவே ஒன்றை நம்பாமல் பலவற்றைக் கலந்தோ அடுத்தடுத்த பட்டைகளாகவோ விதைப்பதே நல்லதென்பது தெளிவாயிற்று.

ஆனால் மறைவும் மணியும் மட்டும் போதா என்ற உண்மை துயரத்தின் வழியாகவே வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கண்டுபிடிக்கப்பட்ட களைகொல்லிகள் போரின் பின் வயல்களிலே பரவின. களைகள் ஒழிந்தன, விளைச்சல் பெருகிற்று. கௌதாரியோ ஆண்டுக்காண்டு குன்றிற்று. துவக்குக் குறைந்த இடங்களிலும் அது மறைந்தது. காரணத்தைத் தேடி டிக் பொட்ஸ் என்ற ஆய்வாளர் 1968ஆம் ஆண்டு முதல் சசெக்ஸ் கோட்டத்து வயல்களை ஆராய்ந்தார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதலிரண்டு வாரங்களிலே பெரும்பாலும் பூச்சியையே உண்கின்றது. வாள்ஈயின் புழுவும் சிறு வண்டும் களையிலே வாழ்வன. களை போயிற்று, பூச்சி போயிற்று, குஞ்சு பட்டினியால் மடிந்தது. 1986ஆம் ஆண்டிலே அவர் கௌதாரி பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1967ஆம் ஆண்டிற்குப் பின் பிரித்தானியாவிலே இப்பறவையின் தொகை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் வீழ்ந்திருக்கின்றது.

அவ்வாய்வின் பயனாக விதைப்பு முறையே மாறியது. 1980களிலே வயலோரத்தில் ஆறு மீற்றர் அகலத்திற்கு மருந்தடிப்பைக் கட்டுப்படுத்தும் முறை தோன்றிற்று. அகன்ற வயல்களின் நடுவே மண்ணை வரம்பாக உயர்த்திப் புல் விதைத்து, வண்டுகள் குளிர்காலத்தைக் கழிக்க இடஞ் செய்யும் முறையும் வந்தது. மூன்று தேவைகள் மூன்றிடங்களிலே அமைய வேண்டும் என வகுக்கப்பட்டது. கூட்டிற்குப் பழம்புல் அடர்ந்த வேலியடி வேண்டும். குஞ்சு ஓடித் திரிவதற்கு அடித்தரை திறந்த, பூச்சி நிறைந்த பயிர் வேண்டும். குளிர்காலத்திற்குக் கேல், பனிவரகு முதலியன வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றிரண்டும் பயன் குன்றும்.

1992ஆம் ஆண்டிலே ஐரோப்பிய வேளாண்மைக் கொள்கை உற்பத்திப் பெருக்கத்தைக் குறைக்கப் பெருங்கமங்களின் நிலத்திலொரு பகுதியைப் பயிரிடாது விடச் செய்தது. அந்நிலத்திலே பறவைகளுக்கென விதைக்கவும் வழி பிறந்தது. 2008ஆம் ஆண்டிலே அத்திட்டம் கைவிடப்பட்டபோது, விட்ட நிலம் மீண்டும் ஏருக்குள்ளாயிற்று. எனினும் சசெக்ஸிலுள்ள அருண்டெல் பண்ணை நிலத்திலே 2003ஆம் ஆண்டு முதல் வேலியையும் வரம்பையும் மறைவுப் பயிரையும் ஒருங்கே பேணியபோது, அருகிய கௌதாரி மீண்டும் பெருகிற்று. குருவியினங்களும் வானம்பாடிகளும் அதனோடு திரும்பின.

ஆக, கௌதாரியின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? துவக்கேந்தியவன் தன் வேட்டைக்காக வளர்த்த பறவை, துவக்கால் அழியவில்லை. களையென்று கருதி எவரும் மதியாத பூண்டோடும், பூச்சியென்று இகழப்பட்ட உயிரோடும் சேர்ந்து மறைந்தது. அவற்றை மதித்து வரம்போரத்திலே சிறிது நிலத்தை விட்ட கமக்காரனின் வயலிலேதான் அதன் குரல் மீண்டும் கேட்கின்றது.