மெல்திறன் அளவீடு

மெல்திறன் அளவீடு என்பது ஒருவர் உணவை எந்த அளவுக்கு அரைக்கிறார், அப்போது அவரது கீழ்த்தாடை எப்படி அசைகிறது என்பவற்றை எண்ணால் கண்டறியும் பல் மருத்துவ ஆய்வு முறைகளின் தொகுதி. பல்செட், பாலம், உள்வைப்புப் பல் ஆகியவற்றால் உண்மையிலேயே பயன் உண்டா என்று அறிய இந்த அளவீடு தேவைப்படுகிறது. நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. பல பற்களை இழந்தவரும் "நன்றாகத்தான் மெல்கிறேன்" என்பார். மெல்ல முடியாததைச் சாப்பிடுவதை அவர் எப்போதோ விட்டிருப்பார். அவர் சொல்வதும் சோதனை காட்டுவதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை.

மிகப் பழைய முறை சல்லடை. மென்ற உணவை விழுங்காமல் துப்பச் செய்து, அலசி, சலித்துப் பார்ப்பார்கள். இதற்கு நிலையான வடிவம் தந்தது 1950இல் மான்லியும் பிரேலியும் வெளியிட்ட ஆய்வு. நிலக்கடலையைக் குறிப்பிட்ட முறை மெல்லவைத்து, சல்லடையில் இறங்கிய பங்கை அவர்கள் விழுக்காடாகக் கணக்கிட்டார்கள். 1964இல் கபூரும் சோமனும் முழுப் பல்செட் அணிந்தோரைச் சோதித்தபோது, அவர்களின் மெல்திறன் இயற்கைப் பற்கள் உடையோரின் திறனில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பல்செட் பொருத்தினால் பழைய பல் திரும்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

நிலக்கடலையில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு பருப்பைப் போல மற்றொன்று இருப்பதில்லை, எச்சிலில் ஊறியதும் தன்மையும் மாறும். அதனால் 1980களில், அச்செடுக்கப் பயன்படும் ஆப்டோசில் என்ற சிலிக்கோன் ரப்பர் சோதனை உணவானது. அது பல்செட் அணிந்தவர்களுக்குக் கடினமாக இருந்தது. எனவே அதனுடன் பற்பசை, வாசலின், ஜிப்சம் மாவு, ஆல்ஜினேட் ஆகியவற்றைக் கலந்து ஆப்டோகால் என்ற மென்மையான கலவையை உருவாக்கினார்கள். 5.6 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டிய 17 துண்டுகளை மெல்லவைத்து, துகள்களை அடுக்குச் சல்லடைகளில் பிரிப்பது வழக்கம். எடையில் சரிபாதி இறங்கக்கூடிய துளையின் அளவே 'இடைநிலைத் துகள் அளவு'. இதைக் கணிக்க உதவும் ரோசின்-ராம்லர் சமன்பாடு 1933இல் நிலக்கரித் தூளுக்காக எழுதப்பட்டது. இங்கே இரு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். குறிப்பிட்ட முறை மென்ற பின் எஞ்சும் துகளின் அளவு ஒன்று. துகள் பாதி அளவாக எத்தனை முறை மெல்ல வேண்டும் என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசும் கட்டுரைகளைக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

உடைக்கவே முடியாதவர்களுக்குச் சல்லடை பயன்படாது. அவர்களுக்கு இருநிறச் சூயிங்கம் ஏற்றது. பெரும்பாலும் 20 முறை மென்ற பின் அதை மெல்லிய தகடாக அழுத்தி, இருபுறமும் படமெடுத்து, நிறங்கள் கலந்த அளவைக் கணினி மென்பொருள் கணக்கிடும். இது அரைக்கும் திறனை அல்ல, நாக்கும் கன்னமும் சேர்ந்து கவளத்தைப் பிசையும் திறனைக் காட்டுகிறது. ஜப்பானில் குளுக்கோஸ் கலந்த கம்மி ஜெல்லியை 20 விநாடி மெல்லவைத்து, பிறகு 10 மில்லிலிட்டர் நீரை வாயில் வைத்துத் துப்பச் சொல்கிறார்கள். அந்த நீரில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மெல்திறன் குன்றியதாகக் கொள்வர். சல்லடை, அடுப்பு, தராசு எதுவும் தேவையில்லாததால் சாதாரண மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம்.

தாடை அசைவைப் பற்றிய ஆய்வில் 1952 முக்கியமான ஆண்டு. கீழ் வெட்டுப்பல்லின் நுனி சென்றடையக்கூடிய எல்லைகளை ஸ்வீடனின் உல்ஃப் போசெல்ட் அந்த ஆண்டு வரைந்து காட்டினார். சாப்பிடும்போது அந்த வெளியின் சிறு பகுதியே பயன்படுகிறது. பின்னர் கீழ்ப்பல்லில் ஒட்டிய காந்தத்தை முகத்தைச் சுற்றிய உணரிகளால் தொடரும் கருவி வந்தது. மீயொலி, ஒளிப்படக் கருவிகளும் வந்தன. முன்புறமாகப் பார்த்தால் ஒரு மெல்சுற்று கண்ணீர்த்துளி வடிவில் தெரியும். தாடை இறங்கி, மெல்லும் பக்கம் விலகி, மேலேறிப் பற்கள் சேரும். இவ்வளவுக்கும் ஒரு விநாடிகூட ஆகாது. ஒளிப்படக் கருவி தொடர்வதற்காகத் தோலில் ஒட்டும் குறிகள் வசதியானவை. ஆனால் மோவாய்த் தோல் எலும்பின் மேல் வழுக்குவதால் பிழை நேரும். பல்லில் ஒட்டும் குறியே நம்பகமானது.

கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் மின்முனைகளை ஒட்டித் தசைகளின் மின்செயலையும் பதிவு செய்வார்கள். தாடை சீராக அசைந்தாலும் பற்களின் மேற்பரப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் உணவு அரைபடாது. ஆகவே நம்பத்தக்க ஆய்வுகள் அசைவு, தசை, துகள் மூன்றையும் ஒரே சோதனையில் பதிவு செய்கின்றன.