ஜானகி அம்மாளின் தையல் மெஷின்

ராமானுஜன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது 1729, கேம்பிரிட்ஜ், ஹார்டி. கதை 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, சென்னை சேத்துப்பட்டுல முடிஞ்சிடும். அவருக்கு வயசு 32. நான் பள்ளியில படிச்சதும் அவ்வளவுதான்.

ஆனா அன்னைக்கு அந்த வீட்ல 21 வயசுல ஒரு பெண் கணவரை இழந்தார். அதுக்கப்புறம் அவர் 74 வருஷம் வாழ்ந்தார். இன்னைக்கு அவங்களைப் பத்தித்தான் பேசப் போறேன்.

ஜானகி அம்மாள். 1909-ல கல்யாணம் ஆனப்போ அவங்களுக்குப் பத்து வயசு. 1914-ல ராமானுஜன் கப்பல் ஏறிட்டார். திரும்பி வந்தது 1919-ல, நோயோட. அதுக்கப்புறம் இவங்களுக்குக் கிடைச்சது ஏறக்குறைய ஒரு வருஷம். அதுவும் பணிவிடையிலேயே போச்சு. எலும்பும் தோலுமா கிடந்த நிலைமையிலயும் கடைசி நாட்கள் வரைக்கும் அவர் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தார்னு ஜானகி அம்மாள் பிற்பாடு சொல்லியிருக்காங்க. அந்தக் காலத்துத் தாள்கள்தான் 1976-ல கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துல ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணுல பட்டுச்சு. 'தொலைந்த நோட்டுப் புத்தகம்'னு உலகமே கொண்டாடுச்சு.

சரி, வீட்டுக்கு என்ன மிஞ்சுச்சு? குழந்தை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாசம் 20 ரூபாய். ஜானகி அம்மாள் பம்பாய்ல சகோதரர் வீட்டுக்குப் போனாங்க. அங்கே தையலும் ஆங்கிலமும் கத்துக்கிட்டாங்க. பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்து துணி தைச்சு, பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துச் சொந்தக் காலில் நின்றார். 1950-ல தோழி ஒருத்தர் இறந்தப்போ, அவரோட சின்னப் பையனைத் தன் மகனா எடுத்து வளர்த்துப் படிக்க வச்சாங்க.

இங்கே ஒரு கடிதத்தைச் சொல்லணும். 1919 ஜனவரியில, ராமானுஜன் இங்கிலாந்துல இருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினது. வருஷம் 250 பவுண்டுன்னு அவருக்கு ஒரு உதவித்தொகை அறிவிச்சிருந்தாங்க. அதுல அப்பா அம்மாவுக்கு 50 பவுண்டும் தன் அவசியச் செலவும் போக, மீதியை ஏழை, அனாதைப் பிள்ளைகளோட பள்ளிக் கட்டணம் மாதிரி விஷயங்களுக்குச் செலவு பண்ணுங்கன்னு கேட்டிருந்தார்.

அடுத்த வருஷமே அவர் போய்ட்டார். ஆனா தாயில்லாத ஒரு பிள்ளையோட படிப்புச் செலவை, முப்பது வருஷம் கழிச்சு அவர் மனைவி தன் சம்பாத்தியத்துல பார்த்துக்கிட்டாங்க. அந்தக் கடிதம் அவங்களுக்குத் தெரிஞ்சுதான் செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைஞ்சுபோகுது.

வயசான காலத்துல ஒரு பத்திரிகைப் பேட்டியில அவங்க ஒரு ஆதங்கத்தைச் சொன்னாங்க: என் கணவருக்குச் சிலை வைக்கிறதா சொன்னாங்களே, அது எங்கே? அதைக் கேள்விப்பட்ட அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி முயற்சி எடுத்தார். கணிதவியலாளர்கள் பல பேர் பணம் போட்டாங்க. ராமானுஜனோட பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து, சிற்பி பால் கிரான்லண்ட் வெண்கல மார்பளவுச் சிலைகள் செஞ்சார். அதுல ஒண்ணு, 1980-கள்ல, ஜானகி அம்மாள் வீட்டுக்கே வந்து சேர்ந்துச்சு.

21 வயசுல பிரிஞ்ச முகத்தை அவங்க எண்பது வயசுக்கு மேல மறுபடி பார்த்தாங்க. அந்த முகத்துக்கு மட்டும் வயசே ஆகலை.